வீடியோ போட்டால் வழக்கு வருமா?

சட்டக் கல்லூரி இறுதிப் பரீட்சை எழுதிவிட்டு பதுளையில் ஒரு சீனியரிடம் பயிலுநராக இருக்கும் மருமகள், வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தாள். "மாமா, டிக்டொக்ல வீடியோ போட்டா வழக்கு வருமா? கூடப் படிச்ச பிள்ளைகள்ல பாதிப் பேருக்கு அப்பா இருக்காரு, பெரியப்பா இருக்காரு, புதுக்கடையில சேம்பர் இருக்கு. சத்தியப்பிரமாணம் எடுத்த மறுநாளே உட்கார நாற்காலி இருக்கு. எனக்கு யாரு இருக்கா? கையில போன் மட்டுந்தான்."

அவள் கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. வீட்டில் அவளுக்கு முன் கறுப்புக் கோட் போட்டவர் கிடையாது. சொந்தத்தில் இருப்பது நான் ஒருவன். நானும் பண்டாரவளை நீதிமன்றத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிற ஆள்தான். குரல்பதிவிலேயே பதில் சொல்லத் தொடங்கினேன், முடிகிற மாதிரி இல்லை. ஹல்துமுல்லை, ஹப்புத்தளை, பசறைப் பக்கங்களில் இதே கேள்வியோடு இன்னும் சில பிள்ளைகள் இருப்பார்கள் என்று நினைத்து இங்கே எழுதுகிறேன்.

வீடியோ போட்டால் வழக்கு வரும். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் வழக்கு வர வேண்டும் என்பதற்காக வீடியோ போட முடியாது. 1988இல் உயர் நீதிமன்றம் ஆக்கிய சட்டத்தரணிகளின் நடத்தை, ஒழுக்க விதிகள் இன்றைக்கும் நம்மைக் கட்டுப்படுத்துகின்றன. தன் தொழிலை விளம்பரம் செய்யக் கூடாது, ஆள் வைத்து வழக்குப் பிடிக்கக் கூடாது என்பவை அதில் அடிப்படையானவை. மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 1978ஆம் ஆண்டு 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு இருக்கிறது. உயர் நீதிமன்றம் ஒருவரைத் தொழிலிலிருந்து இடைநிறுத்தலாம், பெயரையே நீக்கலாம். "யாரு பார்க்கப்போறா" என்று கேட்காதே. சக சட்டத்தரணி பார்ப்பார். முதல் ஆளாக அவர்தான் பார்ப்பார்.

இந்த விதி நியாயமானதா என்று கேட்டால், பாதி நியாயம் என்றுதான் சொல்வேன். அப்புக்காத்து, பிறக்கிராசி என்று இரண்டாக இருந்த தொழில் 1974 ஜனவரியிலிருந்து ஒன்றாகிவிட்டது. ஆனால் அந்தக் காலத்துப் பெரிய வீட்டு மரியாதை தொழிலை விட்டுப் போகவில்லை. பெயர் தானாகப் பரவ வேண்டும், நாமே பரப்பக் கூடாது என்கிறார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. பாடசாலை நண்பர்கள், கோல்ப் மைதானம், கல்யாண வீடு என்று பெயர் பரவுவதற்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறவர்களுக்கு அது பொருந்தும். தோட்டத்துப் பிள்ளையின் பெயர் எங்கே பரவும்? கொழுந்து நிறுக்கும் இடத்திலா?

இதே கேள்வியை அமெரிக்காவில் இரண்டு இளம் வழக்கறிஞர்கள் கேட்டார்கள். அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் ஜோன் பேட்ஸ், வான் ஓஸ்டீன் என்ற இருவரும், அதிகப் பணமில்லாதவர்களுக்காகக் குறைந்த கட்டணத்தில் ஒரு சட்ட அலுவலகம் நடத்தினார்கள். இலவச சட்ட உதவி கிடைக்கும் அளவுக்கு ஏழையும் இல்லை, பெரிய வழக்கறிஞரை வைக்கும் அளவுக்கு வசதியும் இல்லை, அப்படிப்பட்டவர்கள்தான் அவர்களுடைய ஆட்கள். ஆட்கள் நிறைய வந்தால்தான் கட்டுப்படியாகும் என்று 1976இல் பத்திரிகையில் கட்டணங்களோடு விளம்பரம் போட்டார்கள். அந்த மாநில வழக்கறிஞர் சங்கம் நடவடிக்கை எடுத்தது. 1977இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், உண்மையான தகவலைச் சொல்லும் விளம்பரத்தை ஒட்டுமொத்தமாகத் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தடை ஏற்கெனவே நிலைபெற்றவர்களைத்தான் பாதுகாக்கிறது, புதிதாக வருகிறவனுக்குக் கதவை அடைக்கிறது என்பதும் நீதிமன்றம் கவனித்த விஷயம். மருமகள் சொன்ன நாற்காலிக் கதை அதுதான்.

அதற்காக அமெரிக்கா மாதிரி ஆகிவிடலாமா என்றால் எனக்குத் தயக்கம் இருக்கிறது. அங்கே இன்று நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகைகளில் வழக்கறிஞர்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். நம் பக்கத்திலும் நீதிமன்ற வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் நின்று, "எந்தக் கேஸ் அம்மா? நல்ல லோயர் ஒருத்தர் இருக்காரு" என்று கையைப் பிடித்து இழுக்கிற தரகர்களை எல்லோருக்கும் தெரியும். விதி அவர்களுக்கும் எதிரானதுதான், ஆனாலும் அவர்கள் குறையவில்லை. காசு கொடுத்து முகநூலில் பரப்பும் விளம்பரம் சட்டை மாற்றிக்கொண்டு வந்த அதே தரகர். வயதான ஒரு ஆயாவிடம் "ஆறு மாசத்தில முடிச்சுத் தாறேன்" என்று பஸ் ஸ்டாண்டில் சொல்வதும், அதையே பின்னணி இசையோடு வீடியோவில் சொல்வதும் ஒன்றுதான். வழக்கு ஆறு மாதத்தில் முடியாது என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

இந்தியாவில் ஒரு நடுவழி கண்டார்கள். அங்கேயும் பார் கவுன்சிலின் 36ஆவது விதி விளம்பரத்தைத் தடுக்கிறது. ஆனால் 2008இல் ஒரு சிறிய ஜன்னல் திறந்தார்கள். வழக்கறிஞர் தன் இணையதளத்தில் பெயர், முகவரி, தொலைபேசி எண், பதிவு விவரம், தகுதி, எந்தத் துறையில் வழக்காடுகிறார் என்பவற்றை மட்டும் போடலாம். அதற்கு மேல் போனால் இன்றும் விடுவதில்லை. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், வழக்கறிஞர் சேவையை நட்சத்திரக் குறி போட்டு விற்கும் இணையத் தளங்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. 2025 மார்ச்சில் பார் கவுன்சில், நடிகர்களையும் சமூக ஊடகப் பிரபலங்களையும் வைத்து விளம்பரம் செய்யும் சட்ட நிறுவனங்களைக் கண்டித்து அறிக்கை விட்டது.

அப்படியென்றால் வீடியோவே வேண்டாமா? போடு என்பதுதான் என் பதில். காரணம் வேறு.

என்னிடம் வரும் தோட்டத்து ஆட்களில் பலர் இப்போது சட்டம் படித்துவிட்டு வருகிறார்கள், யூடியூப்பில். ஆனால் அது தமிழ்நாட்டுச் சட்டம்! தாபரிப்பு வழக்குக்கு வரும் பெண், "125இல போடலாம்னு சொன்னாங்க சேர்" என்கிறார். 125 இந்தியாவின் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துப் பிரிவு. இங்கே இருப்பது 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம். இன்னொருவர் வீட்டுக்குப் பட்டா எடுக்க என்ன செய்யலாம் என்று கேட்கிறார். இங்கே பட்டாவும் இல்லை, சிட்டாவும் இல்லை. உறுதி இருக்கிறது, அளிப்புப் பத்திரம் இருக்கிறது, பெரும்பாலான லயங்களுக்கு அதுவும் இல்லை. சென்னையிலும் மதுரையிலும் இருக்கும் வழக்கறிஞர்கள் நல்ல தமிழில் தெளிவாகப் பேசுகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தமிழில் தேடினால் அவர்கள்தான் வருகிறார்கள். இலங்கைச் சட்டத்தை மலையகத் தமிழில் சொல்லும் ஆள் இல்லாத இடத்தை அவர்கள் நிரப்புகிறார்கள்.

அந்த இடத்துக்குத்தான் நீ போக வேண்டும். ஒரு உதாரணம். தோட்டத்தில் ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்து விலகுகிறவருக்குப் பணிக்கொடை உண்டு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருட சேவைக்கு 14 நாள் சம்பளம், அதையும் விலகி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். வேலையிலிருந்து நிறுத்தினால் தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதை அரை நிமிடத்தில் சொல்லலாம். ஊழியர் சேமலாப நிதிக்கு உன் சம்பளத்தில் 8 வீதம், கம்பனி 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கம்பனி மட்டும் 3 வீதம். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, யாருடைய ரகசியமும் அல்ல. ஆனால் "தலைவர் பார்த்துக்குவாரு" என்று காத்திருந்து ஆறு மாதம் கடந்த பிறகு வந்து நிற்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

சட்டத்தைச் சொல், உன்னைச் சொல்லாதே. வீடியோவின் கடைசியில் தொலைபேசி எண், "எங்களை நாடுங்கள்", போன வாரம் ஜெயித்த வழக்கு, இதெல்லாம் வேண்டாம். பெயரும் சட்டத்தரணி என்பதும் போதும். உண்மையில் தேவைப்படுகிறவர் பெரகலைச் சந்தியில் நாலு பேரிடம் விசாரித்து உன்னைக் கண்டுபிடித்துவிடுவார்.

இனிச் சொல்வதுதான் எனக்கு முக்கியம். வீடியோ எடுக்கத் தொடங்கும் ஆளுக்கு மூன்று மாதத்தில் சட்டம் தீர்ந்துபோகும். பிறகு கைக்கு வருவது கட்சிக்காரரின் கதை. "நேத்து எங்கிட்ட ஒரு அக்கா வந்தாங்க" என்று தொடங்கும். பெயர் சொல்லவில்லையே, தோட்டத்தின் பெயரும் சொல்லவில்லையே என்று சமாதானம் செய்துகொள்வார்கள். கொழும்பில் அது ஓரளவு செல்லும். ஹல்துமுல்லையில் செல்லாது. "மேல் டிவிஷன்ல, புருஷன் குடிகாரன், ரெண்டு பிள்ளை, அவங்க அக்கா டுபாய்ல" என்று சொன்னால் போதும். கீழ் டிவிஷன், பிள்ளை மடுவம், மளிகைக் கடை, கோயில் கமிட்டி எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். யார் வழக்குக்குப் போகிறார் என்பது பஸ்ஸில் ஏறும்போதே தெரிகிற ஊர் இது. ஒரு நாள் பேரை, அதாவது கூலியை, இழந்து, பண்டாரவளைக்குப் போக நல்ல சேலை கட்டி நிற்கிற பெண்ணை வேறு எங்கே போவதாக நினைப்பார்கள்?

1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், 126ஆம் பிரிவு. கட்சிக்காரர் தொழில் நிமித்தம் நம்மிடம் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்ல முடியாது. வழக்கு முடிந்தாலும் அந்தக் கடமை முடிவதில்லை. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது குற்றம் என்று தண்டனைச் சட்டக் கோவையின் 365சி பிரிவு சொல்கிறது. 2021 ஜூலையில், டயகமவிலிருந்து கொழும்பில் ஒரு அரசியல்வாதியின் வீட்டுக்கு வேலைக்குப் போன 16 வயதுப் பிள்ளை தீக்காயங்களோடு இறந்தபோது நடந்ததை நினைத்துப் பார். நியாயம் கேட்டுத்தான் எல்லோரும் எழுதினார்கள். பகிர்ந்தவர்களை நான் மனதாரக் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் மருத்துவ அறிக்கையில் என்ன இருந்தது என்பது வரை அந்தப் பிள்ளையின் படத்தோடு ஓடியது. நம் பிள்ளைகளின் உடம்பைப் பற்றிய விவரம் மட்டும் ஏன் இவ்வளவு மலிவாகப் போகிறது? சட்டம் படித்தவர் ஒருவராவது அந்தப் படத்தை நீக்குங்கள் என்று சொல்ல வேண்டும்.

2014 ஒக்டோபர் 29 காலையில் மண்சரிவில் மீரியாபெத்தை மண்ணுக்குள் போனபோதும், எங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்குள்தான், படம் எடுத்தவர்களுக்குக் குறைவில்லை. அங்கே அபாயம் இருப்பதாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னமே எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கைக்கு யார் பொறுப்பு, அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் சேமலாப நிதிப் பத்திரமும் மண்ணோடு போனவர் எங்கே எந்தப் படிவம் நிரப்ப வேண்டும், நிலம் தன் பெயரில் இல்லாதவர் எதைக் காட்டி இழப்பீடு கேட்பது? அழுகிற முகத்தை எடுத்தவர்கள் இருந்த அளவுக்கு இதைச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

வட்ஸ்அப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சட்டக் கல்லூரியில் இதற்குப் பாடம் இருக்காது. லயத்தில் ஒரு போன் பல வீடுகளில் ஒரு ஆளுடையது அல்ல. அம்மா நம்பரென்று கொடுப்பார், மகன் வைத்திருப்பான். மனைவியின் நம்பரென்று கொடுப்பார்கள், இரவில் அதைப் பார்ப்பது புருஷனாக இருக்கும். தாபரிப்பு வழக்குப் போடும் பெண்ணுக்கு "நாளைக்கு அடிபட்ட ரிப்போர்ட்டையும் எடுத்து வாங்க" என்று குறுஞ்செய்தி அனுப்பினால் அன்றிரவு அந்தக் காம்பராவில் என்ன நடக்கும்? முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடு: இந்த நம்பரை யார் எடுப்பார்கள், எந்த நேரத்தில் கூப்பிடலாம், மெசேஜ் அனுப்பலாமா? நான் இப்போது பெண்களுக்குத் தவணைத் திகதியைத் துண்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். போனில் ஒன்றும் அனுப்புவதில்லை.

நீதவானைப் பற்றியோ நீதிமன்றத்தைப் பற்றியோ கோபத்தில் எழுதுவதைச் சொல்லவே வேண்டியதில்லை. நடிகரும் அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினருமான ரஞ்சன் ராமநாயக்கவுக்கு 2021 ஜனவரியில் நீதிமன்ற அவமதிப்புக்காக நான்கு வருடக் கடூழியச் சிறை கிடைத்தது, 2017இல் நீதிபதிகள், சட்டத்தரணிகள் பற்றிச் சொன்ன வார்த்தைக்காக. இப்போது 2024ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் இருக்கிறது, 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. இரண்டாவதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை, அதை நீதிமன்றத்திலும் சட்டத்தரணிகள் சங்கக் கூட்டத்திலும் சொல்லலாம். ஒரு தீர்ப்பைச் சட்டக் காரணம் காட்டி விமர்சிப்பது வேறு, நடுராத்திரியில் ஸ்டேட்டஸ் போடுவது வேறு. மனுவை சாட்ஜிபிடியிடம் கொடுத்து எழுதுவதாகச் சொன்னாயே, அதற்கும் ஒரு வார்த்தை. 2023இல் நியூயோர்க்கில் அப்படி எழுதி, இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டொலர் தண்டம் விழுந்தது. தமிழில் கேட்டால் அதுவும் தமிழ்நாட்டுச் சட்டத்தைச் சொல்லக்கூடும்!

சரி, பிழைப்புக்கு வருவோம். வழக்கு எங்கிருந்து வரும் என்ற கவலையில், வேலை எங்கே இருக்கிறது என்பதை நீ பார்க்கவில்லை. ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவு 1999இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவாக வர்த்தமானியில் வந்துவிட்டது. பதுளை மாவட்டத்தில் பண்டாரவளை, எல்ல, ஹப்புத்தளை, பசறை என்று இன்னும் சில. கடிதத்துக்குத் தமிழில் பதில் கேட்பது சலுகை அல்ல, உரிமை. ஆனால் நீதிமன்றத்துக்குள் கதை வேறு. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி வடக்கு, கிழக்குக்கு வெளியே நீதிமன்றப் பதிவேடும் நடவடிக்கைகளும் சிங்களத்தில்தான். தமிழ் ஆளுக்கு உரைபெயர்ப்பு கேட்கும் உரிமை இருக்கிறது. கூண்டில் நிற்கிறவர் "வாய்த் தகராறு" என்றதை உரைபெயர்ப்பாளர் "அடிதடி" ஆக்கிவிட்டால், அதை அந்த நொடியில் எழுந்து நின்று திருத்த அவருடைய சட்டத்தரணிக்கு இரண்டு மொழியும் தெரிந்திருக்க வேண்டும். அதனால் சிங்களத்தை மெருகேற்று. பேச்சுச் சிங்களம் உனக்கு வரும், எழுத்துச் சிங்களம்தான் சோறு போடும். சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் வைக்க வந்த ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் தோற்கடித்ததால்தான் உன் போன்றவர்கள் இன்னும் தமிழில் எழுதுகிறார்கள். அது நல்லதுதான். ஆனால் மேன்முறையீட்டுக்குப் போனால் ஆங்கிலம் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

நொத்தாரிசு உரிமத்தை விடாதே. இங்கே நொத்தாரிசு எந்த மொழியில் உறுதி எழுதலாம் என்பது உரிமத்திலேயே இருக்கும். தமிழில் எழுதக்கூடியவர்கள் ஊவாவில் வேண்டும், இனிமேல் இன்னும் அதிகமாக வேண்டும். 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் வைத்து, இந்திய வீடமைப்புத் திட்டத்துக்காக 2,000க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வீட்டு உரிமைப் பத்திரம் கொடுத்தார்கள். வீட்டுக்குப் பத்திரம் வந்த இடத்தில் பிறகு மரணசாசனம் வரும், பங்கு வரும், அண்ணன் தம்பிச் சண்டையும் வரும். இருநூறு வருடமாக நம் ஆட்களுக்குச் சொத்து வழக்கு இல்லாமல் இருந்ததற்குக் காரணம் நாம் நல்லவர்கள் என்பதல்ல, சொத்து இல்லாததுதான்.

அரசாங்கப் பக்கமும் பார். சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்பட வேண்டும் என்று 23ஆம் உறுப்புரை சொல்கிறது, எனவே சட்டவரைஞர் திணைக்களத்துக்குத் தமிழ் தெரிந்த ஆள் எப்போதும் தேவை. (முரண்பாடு வந்தால் சிங்களப் பிரதியே மேலோங்கும் என்று ஒவ்வொரு சட்டத்தின் கடைசியிலும் ஒரு வரி இருக்கும், அதையும் தமிழில் நீதான் எழுத வேண்டிவரும்.) சட்டமா அதிபர் திணைக்களம், சட்ட உதவி ஆணைக்குழு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பதுளை அலுவலகம், கொஞ்சக் காலம் வழக்காடிய பிறகு நீதிச்சேவைப் பரீட்சை என்று இடங்கள் உண்டு. 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வங்கிகளும் கம்பனிகளும் அந்த வேலைக்கு ஆள் தேடுகின்றன, அது கொழும்புக்காரருக்கு நல்லது. நீ ஊரில் இருக்கப்போவதாகச் சொன்னதால் அதை நீட்டவில்லை.

இதற்கு அவள் மறுபடி குரல்பதிவு அனுப்பினாள். "எல்லாம் சரி மாமா. ஆனா நான் இருக்கேன்னு ஆயாவுக்கு எப்படித் தெரியும்? வீடியோவுல நம்பர் போடக் கூடாதுன்னா, தரகரு மட்டும் நம்பர் கொடுக்குறாரே?"

அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. ஆனால் சங்கத்தில் கேட்க ஒரு விஷயம் இருக்கிறது. பதுளை, பண்டாரவளை, வெலிமடை நீதிமன்றங்களில் தமிழில் கட்சிக்காரரோடு பேசி வழக்கு நடத்தக்கூடிய சட்டத்தரணிகள் யார், தமிழ் நொத்தாரிசுகள் யார், அலுவலகம் எங்கே, நம்பர் என்ன. புகழ்ச்சி இல்லை, படம் இல்லை, ஜெயித்த கணக்கு இல்லை. எல்லோர் பெயரும் அகரவரிசையில், இந்தியாவில் 2008இல் விட்ட அளவுக்குத்தான். பட்டியலைச் சங்கமே வெளியிடட்டும், பிரதேச செயலகத்திலும் தோட்டத்து ஆஸ்பத்திரியிலும் ஒட்டட்டும், யார் வேண்டுமானாலும் போனில் அனுப்பிக்கொள்ளட்டும். சங்கம் தன் உறுப்பினர்களின் பட்டியலைப் போடுவது ஒரு ஆளின் விளம்பரம் ஆகாது என்று வாதிட எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் எழுப்பலாம் என்றிருக்கிறேன். தீர்மானத்தைச் சிங்களத்தில் வரைந்து வைக்கும்படி மருமகளிடம் சொல்லியிருக்கிறேன், அவளுக்கும் பழக்கமாக இருக்கும்.